மைனஸ் ஆறிலிருந்து ஆறு வரை

ஷம்ஷாத் மேடம் சொன்னது இவ்வளவுதான்:
பத்துச் சார்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி.
எது வேண்டுமானாலும் வரையலாம்,
திங்கட்கிழமைக்குள்.

பாதி வகுப்பு இதயம் வரைந்தது.
பெனிட்டா ஒரு பூனை;
மீசைக்கே ஆறு நேர்கோடு செலவு.
நான் விசைப்படகு.

அடிப்பாகத்துக்கு ஒரு பரவளையம்.
எக்ஸ் வர்க்கத்தை ஒன்பதால் வகுத்து, ஒன்றைக் கழித்து
என்டர் தட்டினால்
இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு
திரையைத் தாண்டி மேலே போய்விட்டது.
சுருக்கிப் பார்த்தேன், இன்னும் சுருக்கினேன்,
அச்சில் எண்கள் நூறு, ஆயிரம் என்று மாறின,
அது போய்க்கொண்டே இருந்தது.
படகாகும் எண்ணமே அதற்கு இல்லை.
மைனஸ் ஆறு, ஆறு என்று
இரண்டு பக்கமும் அடைத்த பிறகுதான்
ஏறி உட்காரலாம் போல ஆயிற்று.

கடலுக்கு சைன். சின்ன அலை.
முதலில் அது படகின் வயிற்றுக்குள்ளேயே ஓடியது.
அதனால் கடலை வெட்டினேன்:
மைனஸ் பன்னிரண்டிலிருந்து மைனஸ் மூன்று வரை ஒன்று,
மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை இன்னொன்று.

கம்பம் மட்டும் அடம்பிடித்தது.
ஓர் எக்ஸுக்கு ஒரே ஒரு ஒய்தான்,
செங்குத்தாக நிற்பது சார்பே அல்ல.
அதைத் தனியாக, கணக்கில் சேராமல்
பதினோராவதாக நட்டு வைத்தேன்.

இதெல்லாம் மே மாதம்,
காசிமேட்டில், போர்டு வீட்டு மூன்றாம் மாடியில்.
கீழே துறைமுகத்தில் படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடந்தன,
ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் வைத்தே
அடுத்த கரைக்குப் போய்விடலாம்.
ஏப்ரல் பதினைந்து முதல் ஜூன் பதினான்கு வரை தடை.
அந்த இடைவெளியில் எங்கள் வீட்டு வரவு
எக்ஸ் அச்சோடு ஒட்டிப் படுத்திருக்கும்.
நிவாரணப் பணம் விழும் நாளில் மட்டும்
எதோடும் சேராத ஒரு புள்ளி மேலே.

அப்பா பெயிண்ட் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.
தேசப்பன் என்றால் துறைமுகத்தில் தெரியும்,
இருபது வருசம் ஸ்டியரிங் பிடித்தவர்.
"இன்னாமே இது, இவ்ளோ மேல நிக்குது?
ஐஸ் ஏத்தலையா?"

ஐஸ் ஏற்றவில்லை.
டீசல், வலை, ஆட்கள், எதுவும்.

கழித்த ஒன்றை அழித்துவிட்டு கே என்று போட்டேன்,
அதற்கு ஒரு ஸ்லைடர்.
கே ஏறினால் படகு இறங்கும்,
இறங்க இறங்க வயிறு அகலும்,
கடல் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.
வெட்டிய மூன்று இனி மூன்றாக இருக்க முடியாது,
மூன்று பெருக்கல் கேயின் வர்க்கமூலம்.
அலையின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டேன்,
வீட்டுக் கணக்கு, மன்னிக்கலாம்.

அப்பா கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
டச்பேடில் வைத்தார்.
மெதுவாக இழுத்தார்.
இரண்டு. இரண்டே கால்.
"இது போறப்போ."
மூன்று.
"நல்லா பட்டா, வர்றப்போ."
மூன்றரை. நான்கு.
தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது.
அதற்கு மேல் நகரவில்லை.
"அவ்ளோதானா?"
"அங்க எல்ல வச்சிருக்கேம்பா."

விரலை எடுக்கவில்லை.
அந்த நான்கிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை,
அம்மா அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது.
பிறகு பின்னால் இழுத்து
இரண்டே காலில் நிறுத்தினார்.
கடல் நாலரையில் வந்து தொட்டது.
"இதுலயே வுடு" என்று எழுந்து போனார்.
டச்பேடில் நீலமாக ஒரு ரேகை.

பத்துக்கு ஒன்பது வந்தது.
கம்பத்தைச் சுற்றி சிவப்பு வட்டம்:
இது சார்பு அல்ல.

சரிதான் மேடம்.
ஆனால் பதினான்காம் தேதி நள்ளிரவு
எல்லாரும் ஒரே நேரத்தில் கயிற்றை அவிழ்ப்பார்கள்,
இருட்டில் எது எங்கள் படகு என்று
மாடியிலிருந்து நான் தேட வேண்டும்.
விளக்கை வேறு எங்கே மாட்டுவது?