ஜன்னலில் தெரிந்த தொப்பி

இரவெல்லாம் பெய்த மழையில்
பாதையின் குறுக்கே ஒரு பாறை வந்து உட்கார்ந்துவிட்டது.
பால் ஏற்றும் எலியேசரின் ஜீப் அதற்குமேல் நகரவில்லை.
மிச்ச மலையை நடந்தே ஏறினேன்.
காலணியில் கால் கிலோ சேறு.
நாக்கு நுனியில் தயாராகச் சில வசவுகள்.

தோலிமா மலையில் ஓர் அறைப் பள்ளிக்கூடம்.
ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை பத்தொன்பது பேர்,
ஆசிரியை நான் ஒருத்தி.
நான் இல்லாத அறையில் என்ன நடக்கும் என்று
எனக்குத் தெரியாதா?

தெரியவில்லை.

சத்தம் இருந்தது.
வேலை நடக்கும் இடத்தின் சத்தம்.
வாசிகள் மூலையில் மக்காச்சோள மணிகளைப்
பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்
இன்னும் பல் முளைக்காத மூவர்;
ஒரு மணியை நிலோ தின்றுவிட,
ஒன்பதைப் பத்து என்று சொல்லலாமா என்று வழக்கு.
பின்னக் கணக்குக் கையேட்டில்
யுரானி பதினோராம் பக்கத்தில்,
அவள் அண்ணன் ஆறாம் பக்கத்தில்.
அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

கதவில் கை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் துவான் எழுந்து மணியடித்தான்.
பதினொரு வயது, இந்த ஆண்டின் மாணவர் தலைவன்,
சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.
"கோழிக் குழுவின் கணக்கில் ஏழு முட்டை குறைகிறது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அத்தனை பேரும் பட்ட பாட்டில்
எந்தப் பெஞ்சு என்பது எனக்கே தெரிந்துவிட்டது.
ஒபேத். மே மாதம் கடற்கரைப் பக்கமிருந்து
தாயோடும் ஒரு மூட்டையோடும் ஓடி வந்தவன்.
இதுவரை பேசியது இருபது சொல் இருக்கும்.

உள்ளே போயிருந்தால் மன்னித்திருப்பேன்.
நன்றாகவே மன்னித்திருப்பேன், எனக்கு அது கைவந்த கலை.
அவன் தலை இன்றுவரை குனிந்தே இருந்திருக்கும்.

"நான்தான்," என்றான்.
இருபத்தொன்றாவது சொல்.

"வீட்டில் எத்தனை பேர்?" என்றாள் யுரானி.
"நாலு."
"நாலு பேருக்கு ஏழு முட்டை எப்படிப் பிரித்தீர்கள்?"
அவள் கேட்டது கணக்கு, நிஜமாகவே கணக்கு.
"அம்மா சாப்பிடவில்லை," என்றான்.
மூன்றுக்கு ஏழு அப்போதும் சரியாக வராது.
யாரும் அதைச் சொல்லவில்லை.

தேவையானவர் எடுக்கலாம்,
எடுத்ததை நோட்டில் எழுத வேண்டும் என்று ஒரு தீர்மானம்.
மாபெல் பாய்ந்தாள்: "அப்புறம் பந்து எப்போது வாங்குவது?"
அது நியாயமான கேள்வி.
மார்ச்சிலிருந்து அவர்கள் கந்தல் உருண்டையைத்தான் உதைக்கிறார்கள்.
கைதூக்கினார்கள். பதினொன்றுக்கு ஏழு.
ஒபேத் கை தூக்கவில்லை.

தோற்ற மாபெல்தான் பொருளாளர்.
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே
அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
"தேதி இங்கே. எண்ணிக்கை இங்கே.
ஏழை இப்படியா எழுதுவாய்? குறுக்குக் கோடு போடு,
ஒன்று மாதிரி இருக்கிறது."
பென்சிலை அவனிடமே விட்டுவிட்டு வந்தாள்.

பிறகுதான் உள்ளே நுழைந்தேன்.
சுவரில் வருகைப் பட்டியல், அவரவர் பெயருக்கு நேரே
அவரவரே போட்ட புள்ளி.
கடைசி வரி என்னுடையது.
"காரணம் எழுத வேண்டும்," என்றான் துவான்.
"பாறை."
கையேட்டிலிருந்து நிமிராமல் யுரானி கேட்டாள்:
"பாறைக்குப் பிறகு?
உங்கள் தொப்பி ரொம்ப நேரமாக ஜன்னலில் தெரிந்ததே.
கூப்பிட நேரமில்லை, கூட்டம் நடந்துகொண்டிருந்தது."

பாறைக்குப் பக்கத்தில் 'ஜன்னல்' என்று எழுதினேன்.

நிலோ என் ஈரப் பாவாடையை இழுத்தான்.
"ஒன்பது பத்தாகுமா, ஆகாதா?"
பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொண்டதைச் சொன்னேன்:
"நீ என்ன நினைக்கிறாய்?"
"காலையிலிருந்து எல்லோரும் இதையே கேட்கிறீர்கள்,
யாராவது சொல்லித் தொலையுங்களேன்!"

தரையில் உருண்டு கிடந்த மணி ஒன்றை எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

தின்றுவிட்டான்.