வரப்புக்கு ஆகும் செலவு

"முபீனா, எட்டில் ஒன்று செத்துவிட்டது."
பினாங்கிலிருந்து அழைப்பு. இங்கே மணி இரண்டரை.
எது என்றேன். ஐந்தாவது.
ஒட்டுவதற்கு முன் சோதித்தீர்களா?
சோதித்தோம் என்று சொல்ல
அவனுக்கு நான்கு நொடி பிடித்தது.

ஜன்னலுக்கு வெளியே வாலிநோக்கத்து உப்பளம்.
நிலா இல்லை.
பாத்திகள் எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சம்
கடன் வாங்கி வைத்திருந்தன.

போன பங்குனியில் நாய் ஒன்று குறுக்கே ஓடி
ஒரு பாத்தி சேறானது.
ராக்கு அதை அப்படியே விட்டுவிட்டு
மிச்சத்தை வாரினாள்.
அளம் முழுக்க ஒரே பாத்தி என்றால்
ஒரு நாய் போதும்.

எங்கள் தொழிலில் நாய்க்குப் பெயர் தூசி.

முதலில் எல்லாம் தனித்தனி:
கூட்டுவது ஒரு பலகையில், நினைவில் வைப்பது வேறொன்றில்.
பிறகு எல்லாரையும் ஒரே கூரைக்குள் அடைத்தார்கள்.
எண்பதுகளில் பீங்கான் தட்டில்
நூற்றுச் சொச்சம் பதித்து
மேலே குளிர்நீர் ஓடவிட்டார்கள்;
விலை வங்கிகளுக்கு மட்டும் கட்டுபடியானது.
தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கூட்டுக்குள் இரண்டு.
ஒட்டிய பிறகுதான் சோதிக்க முடியும்.
ஒன்று சொத்தை என்றால் இரண்டும் குப்பை.
கூரை பெரிதாகப் பெரிதாகத்
தூசிக்குக் குறி தப்பவில்லை.
உடைத்தார்கள் மறுபடி.
சில்லு என்றாலே உடைந்த துண்டுதானே,
தமிழுக்கு இது முன்பே தெரியும்
என்று ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.

வரப்பில் உப்பு விளையாது.
குத்தகைக்காரர் வரப்பையும் சேர்த்தே அளக்கிறார்,
கூலி மட்டும் பாத்திக்கு என்பாள் ராக்கு.
என் கணக்கும் அதுதான்:
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே
ஓரம் தின்னும் இடம்,
பேசிக்கொள்ளத் தின்னும் மின்சாரம்.

நாலரைக்கு வரைபடத்தை நெருக்கமாகப் பார்த்தேன்.
ஐந்தாவது சாகவில்லை.
நான்கிலிருந்து அதற்குப் போகும் தடங்களில்
ஒன்று அடைத்திருந்தது.
இரண்டு உதிரித் தடம் விட்டிருந்தோம்,
வீண் செலவு என்று அன்று எனக்குத் திட்டு விழுந்தது.
திருப்பிவிட்டேன்.

வெளியே கைவிளக்கோடு ராக்கு,
மடையில் இறுகிய மண்ணைக்
குதிகாலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.
யாரையோ திட்டினாள், என்னை அல்ல.

ஐந்தாவது பதில் சொன்னது:
பூஜ்ஜியம்.
நான் கேட்ட கேள்விக்கு
அதுதான் சரியான விடை.