பேர் விழாத நாள்

காய்ச்சல் இறங்கிய இருபத்தோராம் நாள்
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
டொக்டர் ஹேரத் மருந்து உறையின் பின்பக்கம்
சின்னதாய் ஒரு மிருகம் வரைந்தார்.
"கடல் குதிரை மாதிரி ஒரு துண்டு.
மூளைக்கு உள்ள இருக்கு.
அன்றாடம் நடக்கிறத அதுதான் பதியும்.
இவருக்கு அது வெந்து போச்சு."

நான் கடலைப் பார்த்ததில்லை.
குதிரையை ஒருமுறை, நுவரெலியா பந்தயத்தில்,
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.
இரண்டையும் ஒட்டி
அவர் தலைக்குள் வைக்கத் தெரியாமல்
எனக்குத் தெரிந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன்:
கொழுந்து எடுக்கிறார், கூடை நிறைகிறது,
நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை இல்லை.
செக்ரோலில் பேர் விழவில்லை.
பேர் விழாத நாள்
வாழ்ந்த நாள் இல்லை, எங்கள் மலையில்.

குடித்த கோப்பையின் சூடு கையில் இருக்கும்போதே
"தேத்தண்ணி ஊத்தலயா?" என்பார்.
நாலு மாதத்து மகளை
விடிந்ததும் தூக்கி
"யாரு வீட்டுப் புள்ள?" என்பார். சொல்வேன்.
முகம் அப்படியே மலரும்.
எந்த அப்பனுக்குக் கிடைக்கும்
மகள் பிறந்த சேதி
நூற்றிருபது தடவை.

கத்தியைக் கொடுத்தால் மட்டும்
கவ்வாத்து மலையில் அவரை முந்த ஆளில்லை.
சாய்த்து ஒரே வெட்டு, பட்டை கிழியாமல்.
கைக்கென்று வேறொரு செக்ரோல் இருக்கும் போல.
காய்ச்சல் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பழையதெல்லாம் இருக்கிறது.
அதுதான் பிரச்சினை.
"தவசீலன் எங்க?"

அவர் ஆஸ்பத்திரியில் பிதற்றிக் கிடந்த கிழமைதான்
பின்லயத்தின் மேல் மண் இறங்கியது.
சொன்னேன். சுவரில் தலையை மோதி அழுதார்.
கன்னம் காயுமுன் திரும்பினார்:
"தம்பி எங்க, காணோம்?"
ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது
முதல் சாவு.
எனக்குப் பதினேழாவது.

பதினெட்டாம் தடவை என் வாய் சொன்னது:
"கொழும்புக்குப் போயிருக்காரு.
செட்டியார் தெருவுல வேலை."
"நல்லது" என்றார். சோறு சாப்பிட்டார்.

பொய்க்கும் தீனி போட வேண்டியிருந்தது.
திங்கட்கிழமை ஆறரை பஸ்ஸைச் சேர்த்தேன்.
அடுத்த நாள் நீலச் சட்டை.
பிறகு பை; ஜிப் கெட்டுப் போய்
சணல் கயிற்றால் கட்டிய பை.
அவரிடம் எதுவும் தங்கவில்லை,
உண்மை தங்காத மாதிரியே.
தங்கியது என்னிடம்.

போன மாதம் கிளினிக்கில் கேட்டேன்,
எனக்கும் ஏதும் கோளாறா என்று.
டொக்டர் சிரிக்கவில்லை.
"ஒரு ஞாபகத்த வெளிய எடுத்தா
கொஞ்ச நேரம் அது பச்சை மண்.
கை பட்ட மாதிரியே திரும்பக் காயும்.
எல்லாருக்கும் அப்படித்தான்."

படங்கில் சுற்றிக் கொண்டுவந்ததை நினைக்கப் பார்க்கிறேன்.
முகத்தைத் தேடினால்
பஸ் கண்ணாடியில் முகம் வருகிறது.
கால் மட்டும் இன்னும் என் வசம்:
இடது கால், படங்குக்கு வெளியே,
பெருவிரல் நகத்தில் சிவப்பு மண்.
அதை அடிக்கடி எடுப்பதில்லை.
தேய்ந்துவிடும் என்று பயம்.

நேற்று அந்த மருந்து உறையைத் தேடி எடுத்து
கடல் குதிரைக்குப் பக்கத்தில் எழுதினேன்:
தவசீலன். வைகாசி பதினாறு. இடது கால்.
எங்காவது ஓரிடத்தில்
அவனுக்குப் பேர் விழட்டும்.
மடித்து மா டின்னுக்கு அடியில் வைத்தேன்.

இராத்திரி விளக்கை அணைக்கப் போகையில்
"தம்பி எந்த பஸ்ல போனான்?"
"ஆறரை பஸ்ல."
"சீட் கெடச்சுச்சா?"
இதை அவர் இதுவரை கேட்டதில்லை.
நான் யோசிக்கவும் இல்லை.
"ஜன்னல் ஓரமா ஒக்காந்தாரு" என்றேன்,
"கை காட்டினாரு."

காட்டினார்.
பார்த்தேன்.