நிலுவையில் ஒரு கழுதைவால்

அக்கராயனில் புதன்கிழமை என்றால்
பதினொரு பெண்கள், ஒரு பிளாஸ்ரிக் கதிரை.
கதிரை எனக்கு.
வசூல் கூட்டம் வசந்தரூபி வீட்டு விறாந்தையில்.
பூசாத சுவர், கதவு வந்துவிட்ட வாசல்,
யன்னலுக்கு இன்னும் யூரியாப் பை.

கதிரைக்கு நேர் மேலே
தயிர்ச்சட்டி ஒன்று வலைக்கயிற்றில் தொங்கும்.
அதிலிருந்து, பச்சையில் சாம்பல் பூத்து,
கொழுத்த இலைகள் நெருக்கிப் பின்னி
முழங்கை நீளத்துக்கு இறங்கும் ஆறு வால்கள்.
முதல் நாள் எழும்பும்போது ஹெல்மெற் பட்டது.
ரசீதுப் புத்தகம் முழுக்க
பொலபொலவென்று இலை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.
அந்த விறாந்தையில்
அப்படி ஒரு சொல் நான் சொன்னதே இல்லை.
"அது அப்பிடித்தான் சேர், பேரே கழுதைவால்.
தொட்டாக் கொட்டும்.
கொட்டினதெல்லாம் முளைக்கும்."
குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினா,
அவசரமே இல்லாமல்.
சில்லறை விழுந்தால் எவ்வளவு வேகம் என்று
வாராவாரம் பார்க்கிறவன் நான்.

மூன்று இலை தந்தா,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்த் தவணையோடு,
பழைய ரசீது ஒன்றில் சுருட்டி.

கிளிநொச்சி டிப்போச் சந்திக்குப் பின்னால்
என் வாடகை அறை.
வந்து பிரித்தால் இரண்டுதான் இருந்தன.
சட்டி வாங்கினேன், மாட்டெரு போட்டேன்,
காலையும் மாலையும் தண்ணீர்,
வேலையால் வந்து முகம் கழுவ முன்னமே.
ஒன்பதாம் நாள் இலைகள் கண்ணாடியாகின,
உள்ளே வெளிச்சம் தெரிந்தது.
விரல் வைத்தேன்.
சளி.

"எத்தினை தரம் தண்ணி?"
"ரெண்டு."
"கிழமைக்கோ?"
"நாளைக்கு."
பதினொரு பேரும் சிரித்தார்கள்.
அன்று காசு கொண்டுவராத சத்தியகலா கூட
தலையைத் தூக்கிச் சிரித்தா.

பிறகு ஆளுக்காள் தொடங்கினார்கள்.
ஆத்துமணல் பாதி, செங்கல் இடிச்சுப் பாதி, எரு வேண்டாம்.
சட்டிக்கு அடியில ஆணியால ஓட்டை.
காலமை வெயில் நல்லம், மத்தியான வெயில் எரிச்சுப்போடும்.
இலை சுருங்கட்டும், சுருங்கியும் ரெண்டு நாள் பாருங்கோ.
"அது கேட்டாக் குடுங்கோ சேர்.
வாற நேரமெல்லாம் குடுத்தால் அழுகிப்போகும்."
வசந்தரூபி இதைச் செடியைப் பார்த்துத்தான் சொன்னா.

எங்கள் கம்பனி
ஒரு கடன் முடியமுன்னமே மறுகடன் கொடுக்கும்.
அன்றைக்கு என் பையில் நாலு விண்ணப்பம்.
பேனையை மூடினேன், திறந்தேன்.
எடுக்கவில்லை என்று சொன்னால் பொய்.
மூன்றை எடுத்தேன்.

சோளகம் அடித்து
வீதியெல்லாம் செம்புழுதி பறந்த ஆடியில்
மோட்டார்சைக்கிள் பையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
ரப்பர் வளையங்கள், கிழிந்த மழைக்கோட்,
அதன் மடிப்பில்
தொலைந்த மூன்றாவது இலை.
மண் இல்லை. தண்ணீர் இல்லை.
வெளிச்சம், நான் சிப்பைத் திறக்கிற நேரம் மட்டும்.
அடியில் நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர்,
பக்கத்தில் அரிசிமணி அளவில் ஒரு குருத்து.
பழைய இலை வற்றித் தோலாகி
மிச்சத்தையும் அதற்கே கொடுத்துக்கொண்டிருந்தது.

மாரிக்கு முன்னம் வவுனியாவுக்கு மாற்றினார்கள்.
தயிர்ச்சட்டியை மடியில் வைத்துத்தான் பஸ்ஸில் போனேன்.
வளைவுக்கு வளைவு இலை கொட்டியது,
பக்கத்து ஆள் தன் சாரத்திலிருந்து எடுத்து எடுத்துத் தந்தார்.
இப்போது வால் ஒரு சாணும் நாலு விரலும்.
கிழக்கு யன்னல்.
மறந்துபோகப் பழகிக்கொண்டிருக்கிறேன்,
பத்து நாளைக்கு ஒருதரம்தான் கை தவறுகிறது.

நேற்று, என் இடத்துக்கு வந்த பொடியன்
போன் எடுத்தான்.
"அக்கராயன் வசந்தரூபி,
ரெண்டு தவணை நிலுவை அண்ணை.
ஆள் எப்பிடி?"

யன்னலைப் பார்த்தேன்.
"கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இரு" என்றேன்.
"எழும்பேக்க தலையைப் பார்."