மரை கழன்றவன்

ஐந்து திருகாணி, ஒரு தகடு.
பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு
மீதிச் சில்லறை கொடுப்பதுபோல
மருத்துவர் எதேரி என் கையில் கொடுத்தார்.
"ஒன்று மட்டும் வர மறுத்தது.
தலை வழுக்கிவிட்டது. நாற்பது நிமிடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது.
இருபத்தாறு வருடமாக ருஸ்தாவியில்
லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான்.
தலை வழுக்கிய திருகாணியிடம்
எத்தனை கெட்ட வார்த்தை பேச வேண்டுமென்று
எனக்கா தெரியாது?
"எண்ணெய் விட்டு
ஒரு ராத்திரி ஊறப் போட வேண்டும், டாக்டர்."
"உன் எலும்பிலா?" என்றார்.

போன வருடம் மார்ச்.
பதினான்காம் எண் கட்டடம்.
கூண்டின் கூரையிலிருந்து குழிக்குள்,
ஒன்றரை ஆள் உயரம்தான்.
இடுப்பு முறிந்த சத்தம் நினைவில்லை.
எனக்குப் பின்னால் விழுந்த ஸ்பானர்
மூன்று தரம் குதித்தது நினைவிருக்கிறது.

இரும்பு உள்ளே இருந்தவரை
இடது பக்கம் படுக்க முடியாது.
எடுக்க மறந்த சாவிபோல்
தகட்டின் விளிம்பு தொடையில் உரசும்.
பனிக்காலத்தில் எனக்கு முன்பே அதற்குக் குளிரும்.

எடுத்தாயிற்று.
இப்போதுதான் இன்னும் பலவீனமாம்.
ஐந்து ஓட்டையும் எலும்பாக நிரம்பும்வரை,
ஆறு வாரம்,
இடது காலுக்கு இருபது கிலோ. அதற்குமேல் கூடாது.
நான் மறுத்துப் பேசவில்லை.
காலித் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்,
என் தொழிலிலும் அப்படித்தான்.

ஆனால் இருபது கிலோ என்பது எவ்வளவு?

நஸிப்ரோலா சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறாள்.
கடைத் தராசைத் தூக்கி வந்து
சமையலறைத் தரையில் வைத்தாள்,
உப்புநீர் வாடையோடு.
ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு
அதில் ஒரு காலை வைக்கிறேன்.
"பதினொன்று... பதினாறு...
நிறுத்து! நிறுத்து! இருபத்துமூன்று!"
சொல்வது எனக்கா, தராசுக்கா என்றேன்.
வாடிக்கைக்காரர்களுக்கு நிறுக்கும்போது
அவள் சுண்டுவிரல் தட்டின் ஓரத்தில் இளைப்பாறும்.
எனக்கு மட்டும் இத்தனை நேர்மை.

தையல் பிரித்துத் திரும்பிய வியாழக்கிழமை
எங்கள் லிஃப்ட் ஓடவில்லை.
நின்று இரண்டு வாரமாம்.
சரிசெய்ய வேண்டியவன்
ஊன்றுகோலோடு கீழே நிற்கிறேன்.
என் வீடு ஆறாம் மாடி.
மேலிருந்து குராம் கத்தினான்:
"உனக்கு மரை கழன்றுவிட்டதாமே!"
"அஞ்சும்!" என்று கத்தினேன்.

ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது கெட்ட கால் முன்னே.
உடற்பயிற்சிக்காரப் பெண் சொன்னது,
பாதிரி சொன்னதுபோல இருந்தது.

மாடிக்கு மாடி ஒரு நாற்காலி.
யார் சொல்லி வைத்தார்கள் தெரியாது.
முதலாவதில் பச்சை மெத்தை,
இரண்டாவதில் பூனை.
மூன்றாம் மாடி நாற்காலி மானானாவுடையது.
கம்பளம் உதறியதில் வந்த சண்டை,
நாலு வருடமாகப் பேச்சில்லை.
உட்கார்ந்தேன். ஆடியது.
பின்கால் பொருத்தில் ஆணியே இல்லை.

சாவிக்கொத்தில் அறுகோணச் சாவி,
பையில் டப்பா.
வழுக்காத நான்கில் ஒன்றைத் தேர்ந்து
மெதுவாக முறுக்கினேன்.
பழைய மரம் முனகி, பிறகு பிடித்துக்கொண்டது.
கதவு ஒரு விரல் அகலம் திறந்து
மூடியது.

நேற்றிரவு
பாதித் தூக்கத்தில் இடது பக்கம் திரும்பிவிட்டேன்.
எதுவும் உரசவில்லை.
பதினெட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவன்,
காரை பெயர்ந்த இடமெல்லாம் மனப்பாடம்.
இந்தப் பக்கம் அவள்.
வாய் திறந்திருக்கிறது.
காதோரம் ஒரு வெள்ளைக் கீற்று,
சந்தை உப்பா, நரையா,
போன வருடம் இருந்ததா?
தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"எத்தனை கிலோ?" என்றாள்
கண் திறக்காமல்.