பாப்பம்

முத்தையன்கட்டு வாய்க்கால்
எங்கட காணிக்கு நூறு யார் முன்னுக்கே
நின்றுவிடும்.
அதற்கு இங்கால எல்லாம் கிணறுதான்.
கிணற்றுக்கு, மாங்குளத்தில் வாங்கின
பழைய இறைப்பு மெசின்.

"இது இழுக்காது பிள்ளை" என்றார்
பக்கத்துக் காணித் தவயோகன்,
புட்வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.
"பாப்பம்" என்றேன்.
எங்கட பக்கம் அந்தச் சொல்லில் பாதி
ஏலாது என்பதுதான்.
மற்றப் பாதியை ஆரும் கேட்பதில்லை.

அறுநூறு மிளகாய்க் கன்று. நட்டு ஒன்பது நாள்.
மத்தியானமானால் எல்லாம் ஒன்றாய்த்
தலையைத் தொங்கப்போடும்,
பிரார்த்தனை நேரத்துப் பள்ளிக்கூடம் மாதிரி.

கயிற்றைச் சுற்றி இழுத்தேன்.
மெசின் பேசவில்லை.
இழுத்தேன்.
கயிறு திரும்பி முழங்கையில் அடித்தது.
பதினேழு தரம்.
எண்ணினதைத் தவிர
அன்று காலமை நான் ஒழுங்காய்ச் செய்தது
வேறொன்றுமில்லை.

பதினெட்டாவதில் ஒரு இருமல்.
கோழி தும்மினது போல, அவ்வளவுதான்.
என் தோளுக்கு மட்டும் அது
வேறு மாதிரிக் கேட்டிருக்கவேணும்.
அடுத்த தரம் இழுத்த தோள்
என்னுடையது இல்லை.
இழுவை இறுக இருமல் நீண்டது,
இருமல் நீள இழுவை இறுகியது,
பிறகு ஒரேயடியாய்ச் சத்தம், புகை.
தண்ணி மட்டும் இல்லை.

அப்பதான் நினைவு வந்தது.
தண்ணி எடுக்கிற மெசினுக்கு
முதல் தண்ணி விடவேணும்,
குழாய்க்குள் கிடக்கிற காற்றுப் போக.
வாளி போன கிழமை கிணற்றுக்குள் விழுந்தது,
அது வேறு கதை.
வீட்டில் இருந்தது
குடிக்க வைத்த ஒரு குடம்.

சரித்தபோது கை நடுங்கியது உண்மை.
வரும் என்று நம்பித்தான் ஏலும் என்று நினைத்தேனா,
ஏலும் என்று நினைத்துத்தான் வரும் என்று நம்பினேனா?
குழாய்க்கு அந்த விசாரணை தேவைப்படவில்லை.
விட்டதைக் குடித்துவிட்டு
இன்னும் என்றது.
அடித்துளி வரைக்கும் விட்டேன்.

இருபத்தாறு.
ஒரு சருகு வந்தது,
பிறகு பால்போலக் கலங்கல்,
பிறகு என் கை மொத்தத்தில் தண்ணி!
ஒட்டுசுட்டான் வரைக்கும் கேட்டிருக்கும்
நான் கத்தினது என்றாள் மகள் துவாரகி,
மண்வெட்டியோடு பாத்தி மாற ஓடியபடி.

எல்லாக் கன்றும் எழும்பவில்லை.
நாற்பது மட்டில் போய்விட்டது.
வியாழக்கிழமை லோன்காரப் பெடியனும் வருவான்.
போன கிழமை அவன் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு
மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்றவள் நான்.
இந்தக் கிழமை
கதிரை எடுத்துப் போடலாம் என்றிருக்கிறேன்.

பொழுதுபட, வேலிக்கு அங்கால
தவயோகன் செருமினார்.
அவருடைய மெசினும் இழுக்குதில்லையாம்.
"ஒருக்கா வந்து பாக்கிறியோ?"

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன்.
"பாப்பம்" என்றேன்,
கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு.