எட்டாவது ஆட்டம்

ஏழு ஆட்டம். ஏழும் போச்சு.
காரைக்குடி, கழனிவாசல் ரோடு,
நெல் கிடங்குக்குள் மரத்தளம் போட்டு ஒரு அரங்கம்.
வார்னிஷ் வாசனைக்கு அடியில் இன்னும் தவிட்டு நெடி.
ஸ்கோர் பலகையின் ரிமோட் என்னிடம்.
அதில் ‘விருந்தினர்’ பொத்தானுக்கு மட்டும்
எழுத்து தேய்ந்துவிட்டது.

மூன்றாம் கால்பகுதியில் மழை.
ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேர்மேலே தகரம் ஒழுக
அடைக்கலமேரி ஓடிப்போய் வாளி வைத்தாள்.
ஒரு சொட்டுகூடக் குறி தவறவில்லை.
“இந்த மழையை டீம்ல சேத்துக்கலாம்” என்றாள்.
சம்பளம் வராத இரண்டாவது மாதம்;
பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

லூதியானாவிலிருந்து வந்தவள் ஹர்கீரத்,
ஆறடி இரண்டங்குலம்.
இங்கே அவள் முதலில் கற்ற தமிழ்:
“விடு, அடுத்தது.”

மழை விட்டது. துடைத்துவிட்டு ஆடினார்கள்.
நான்கு நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால்,
ஹர்கீரத்துக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதல் பந்து வளையத்தில் சுற்றி
யோசித்து
விழுந்தது.
இரண்டாவது வலையை மட்டும் தொட்டது.

என் கட்டைவிரல், பழக்கதோஷம்,
விருந்தினருக்குப் போட்டுவிட்டது.

கூட்டம் கத்த, நடுவர் மேசைக்கே வந்துவிட்டார்.
திருத்தினேன்.
‘உள்ளூர்’ பொத்தான் புதுசு சார்,
கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.